கடுங்குளிரில் கரிவளி: எண்ணூரின் குளிரும் மணலியின் புகையும்

இராயபுரத்துக் கல்மண்டபத்திலிருந்து வடக்கே செல்லும் சாலை, சென்னைக்கு மின்சாரமும் எரிபொருளும் உரமும் மீனும் தரும் ஊர்களைத் தொட்டுக்கொண்டே போகிறது. கடலோரம் காசிமேடு; பின்பு தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்; மேற்கே உள்வாங்கி மணலி; கொசத்தலையாற்று முகத்தில் எண்ணூர்; அதற்கும் வடக்கே அத்திப்பட்டு, வல்லூர், காமராசர் துறைமுகம். இந்த நிலப்பகுதி ஒவ்வொரு நாளும் இரண்டு பொருள்களை விலையின்றி வெளியே விடுகிறது. ஒன்று, புகைபோக்கிகள் வழியே வானேறும் கரிவளி. பள்ளியில் கரியமில வாயு என்று நாம் படித்தது. மற்றொன்று குளிர்.

குளிரை வீணாக்கும் ஆலை எது? காமராசர் துறைமுகத்தில் 2019 மார்ச்சில் திறக்கப்பட்ட நீர்ம இயற்கை வளி முனையம்தான். ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கையாளும் திறன் அதற்கு உண்டு. கப்பலில் சுழியத்துக்குக் கீழ் 162 பாகைக் குளிரில் வந்திறங்கும் நீர்மத்தை மீண்டும் வளியாக்கிக் குழாயில் செலுத்துவது அதன் பணி. வளியாகும்போது ஒவ்வொரு கிலோ நீர்மமும், அழுத்தத்துக்கேற்ப, 700 முதல் 850 கிலோஜூல் வரை வெப்பத்தை வெளியிலிருந்து உறிஞ்சுகிறது. உலகெங்கும் இத்தகைய கடலோர முனையங்கள் பெரும்பாலும் அந்த வெப்பத்தைக் கடல்நீரிடமிருந்தே பெறுகின்றன. குளிர்ந்துபோன நீரைக் கடலிலேயே விட்டுவிடுகின்றன. கப்பலேற்றும் நாட்டில் பெரும் மின்செலவில் உண்டாக்கிய குளிர், இறக்கும் நாட்டில் கடலில் கரைகிறது.

கரிவளியைக் குளிராலேயே பிரித்தெடுக்கலாம். அதற்குக் கரைப்பானும் வேண்டாம், வேதிவினையும் வேண்டாம். மகேந்திரகிரியில் ஏவூர்தி எந்திரங்களைச் சோதிக்கும் செய்திகளின் வழியே ‘கிரையோசெனிக்’ என்னும் சொல் தமிழருக்கு நன்கு பழகிவிட்டது. அந்தக் கடுங்குளிர் நுட்பத்தின் உறவுதான் இதுவும். அப்படியானால் எண்ணூரின் குளிரைக் கொண்டு எண்ணூரின் புகையைத் தூய்மையாக்கலாகாதா என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. ஆனால் ஆர்வத்தால் விடை சொல்லக் கூடாத கேள்வி. ஆலை எழுப்புமுன் அதைத் தாளில் எழுப்பிப் பார்க்கும் கணித மாதிரியிடம்தான் இதைக் கேட்க வேண்டும்.

மாதிரியின் முதல் அடுக்கு, கரிவளியின் இயல்பு. 1823இல் டேவியின் வழிகாட்டுதலில் பாரடே அதை அழுத்தி நீர்மமாக்கினார். 1835இல் பாரிசில் திலோரியே, அழுத்தத்திலிருந்த நீர்மத்தைத் திறந்துவிட்டபோது வெண்பனியாகக் கரிவளி படிந்ததைக் கண்டார். 1869இல் பெல்பாசுட்டு நகரத்து ஆண்ட்ரூசு, 31 பாகைக்கு மேல் எத்துணை அழுத்தினாலும் கரிவளி நீர்மமாகாது என்று நிறுவினார். இம்மூன்று கண்டுபிடிப்புகளையும் ஒரே வரைபடத்தில் வைத்தால் கரிவளியின் தனித்தன்மை புலப்படும். நீர் பனியாகி, உருகி, ஆவியாகிறது. நாம் வாழும் காற்றழுத்தத்தில் கரிவளிக்கு அந்த நடுநிலை இல்லை. −78.5 பாகையில் வளி நேரே திண்மமாகிறது. திண்மம் நேரே வளியாகிறது. திண்மமும் நீர்மமும் வளியும் ஒருங்கே நிற்கும் மும்மைப் புள்ளி −56.6 பாகையில், காற்றழுத்தத்தைப் போல் 5.1 மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்துக்குக் கீழே நீர்மக் கரிவளி என்ற ஒன்று இல்லை.

இந்த 5.1 என்னும் எண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வல்லூர் போன்ற நிலக்கரி அனல்மின் நிலையத்தின் புகையில் கரிவளி 12 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரசன், சிறிது உயிர்வளி, நீராவி. நீராவியை நீக்கிய புகையில் 14 விழுக்காடு கரிவளி என்று கொள்வோம். இதை 30 மடங்கு அழுத்தினாலும் கரிவளியின் பங்கிற்கு வரும் பகுதி அழுத்தம் 4.2 மடங்குதான். மும்மைப் புள்ளியின் அளவை அது எட்டவில்லை. ஆகவே எவ்வளவு குளிர்வித்தாலும் இந்தப் புகையிலிருந்து ஒரு துளி நீர்மமும் சொட்டாது, பனியாகத்தான் படியும். இனி, கரிவளி 45 விழுக்காடு செறிந்த வேறொரு வளியை எடுத்து அதே 30 மடங்குக்கு அழுத்துவோம். பகுதி அழுத்தம் 13.5 மடங்கு. −55 பாகைக்குக் குளிர்வித்தால் கரிவளி தெளிந்த நீர்மமாக வடிந்து இறங்கும். மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பே இல்லை என்று கொள்ளும் நல்லியல்பு வளிக் கணக்கின்படி ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பிடிபடும். மெய்யான கலவையில் அதற்கும் குறைவு. மேலும் குளிர்விக்க முற்பட்டால் குழாய்க்குள் திண்மம் உறைந்து ஆலை அடைத்துக்கொள்ளும்.

ஆக, கடுங்குளிர் வழி என்று ஒரே சொல்லால் குறிக்கப்பெறுவது உண்மையில் இரண்டு வழிகள். செறிந்த வளிக்கு அழுத்தி நீர்மமாக்கும் வழி. மெலிந்த புகைக்கு அழுத்தாமல் பனியாக்கும் வழி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. ஒன்றின் சிக்கனத்தை மற்றதன் கணக்கில் வரவு வைப்பது பெரும்பிழை.

பனியாக்கும் வழியில் கரிவளி எந்தப் பாகையில் படியத் தொடங்கும்? திண்மக் கரிவளியின் ஆவியழுத்தம் இதைச் சொல்லும். −78.5 பாகையில் அது ஒரு காற்றழுத்தம். −100 பாகையில் ஏறத்தாழ 0.14 ஆகக் குறைகிறது. நம் புகையில் கரிவளி 14 விழுக்காடு. எனவே −100 பாகையை அணுகும்வரை புகையில் எந்த மாற்றமும் தெரியாது. அதன்பின் முதற்பனி விழும். பனி விழ விழ எஞ்சிய புகை மெலியும். மெலிந்த புகையிலிருந்து மேலும் பிடிக்க மேலும் குளிர் வேண்டும். நூற்றில் 90 பங்கைப் பிடிக்க −118 பாகை அளவுக்கு இறங்க வேண்டும். 99 பங்கைப் பிடிக்க −133 அளவுக்கு இறங்க வேண்டும். இந்த எல்லையில் ஆவியழுத்த வளைகோடு மிகச் செங்குத்தானது. −118 பாகையருகே ஒரு பாகை தவறினால், தப்பியோடும் கரிவளி எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். வெப்பமானி ஒன்று சற்றே பொய் சொன்னால் போதும், ஆலையின் பிடிப்புக் கணக்கு முழுவதும் பிழையாகும்.

இது ஆய்வகத்தில் மட்டும் நிகழும் விந்தையன்று. செவ்வாயின் துருவக் குளிர்காலத்தில், −125 பாகை அளவில், அங்குள்ள மெல்லிய வளிமண்டலமே கரிவளிப் பனியாகத் தரையில் படிகிறது. வேனிலில் நேரே வளியாக எழுகிறது. ஒரு கோள் முழுவதும் ஆண்டுதோறும் செய்துகாட்டும் செய்முறையை, நாம் ஓர் எஃகுக் கலத்துக்குள் செய்ய முயல்கிறோம்.

இனி இரண்டாம் அடுக்கு, வெப்பக் கணக்கு. ஒரு கிலோ கரிவளியைப் பனியாக்க ஏறத்தாழ 570 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை அகற்ற வேண்டும். ஆனால் கரிவளி தனியே வருவதில்லை. 14 விழுக்காட்டுப் புகையில் ஒரு கிலோ கரிவளியோடு நான்கு கிலோ நைட்ரசனும் பிறவும் சேர்ந்தே வருகின்றன. மாப்பிள்ளை ஒருவருக்கு விருந்து வைக்க நினைத்தவர், அவரோடு வந்த சுற்றம் முழுவதற்கும் இலை போட வேண்டியிருப்பதைப் போன்ற நிலை இது. புகை முழுவதையும் 30 பாகையிலிருந்து −120க்குக் கொண்டுசெல்ல, பிடிபடும் ஒரு கிலோ கரிவளிக்கு ஏறத்தாழ 720 கிலோஜூல் குளிர் செலவாகிறது. உறையவைக்கும் செலவைக் காட்டிலும், உறையாதவற்றைக் குளிர்விக்கும் செலவு மிகுதி!

குளிரின் விலை அதன் ஆழத்தைப் பொறுத்தது. காசிமேட்டுக்குப் பனிக்கட்டி தரும் ஆலை −10 பாகையில் ஓர் அலகு வெப்பத்தை அகற்ற, குறையேயில்லாத பொறியானால், 0.15 அலகு வேலை போதும். −120 பாகையில் அதே ஓர் அலகு வெப்பத்தை அகற்றக் குறைந்தது ஓர் அலகு வேலை வேண்டும். ஆறு மடங்குக்கும் மேல். இது எந்திரத்தின் குறையன்று. வெப்ப இயங்கியலின் இரண்டாம் விதி விதித்த வரி. மெய்யான பொறிகள் இதைப்போல் இருமடங்கு ஆற்றலை உண்ணும் என்று கொண்டு, குளிரை எங்கும் மீட்காமல் கணக்கிட்டால், நிலக்கரி நிலையம் ஆக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தன் புகையைக் குளிர்விக்கவே போய்விடும். அப்படி ஓர் ஆலையை எவரும் கட்டார்.

மீட்டால் நிலை மாறுகிறது. கரிவளியை இழந்து −120 பாகையில் வெளியேறும் நைட்ரசன், உள்ளே வரும் வெப்பமான புகைக்கு எதிரோட்டமாகச் சென்று தன் குளிரை ஒப்படைக்க வேண்டும். திரண்ட பனியும் அழுத்தத்தில் உருகும்போது தன் குளிரைத் தர வேண்டும். இப்படிச் செய்தால் 720 கிலோஜூலில் பெரும்பகுதி மீளும். 570இலும் ஒரு பகுதி மீளும். எனவே கடுங்குளிர் ஆலையின் உயிர் குளிரூட்டும் பொறியில் இல்லை. வெப்பப் பரிமாற்றிகளில் இருக்கிறது. அங்கே உள்வருவதற்கும் வெளிச்செல்வதற்கும் இடையே எத்தனை பாகை இடைவெளி விடுகிறோம் என்பதே ஆலையின் மின்கட்டணம். இடைவெளியைச் சுருக்கினால் பரிமாற்றியின் பரப்பும் விலையும் பெருகும். விரித்தால் மின்செலவு பெருகும். மாதிரி எழுதுவோர் தங்கள் நேரத்தில் பாதியை இந்த ஒரு பேரத்தில்தான் செலவிடுவர்.

இதுவரை சொன்ன எண்களை நல்லியல்பு வளி என்று கொண்டு எவரும் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். காற்றழுத்தத்தில் இயங்கும் பனி வழிக்கு அது பெரும்பாலும் போதும். அழுத்தம் ஏறினால் போதாது. 30 மடங்கு அழுத்தத்தில் நைட்ரசன் மூலக்கூறுகள் கரிவளியைத் தம்மோடு வளிநிலையில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிடிப்பு விழுக்காடு நல்லியல்புக் கணக்கைவிடக் கீழே விழுகிறது. 1873இல் வான் டெர் வால்சு தொடங்கிவைத்த நிலைச் சமன்பாட்டு மரபில் வந்த பெங், இராபின்சன் ஆகியோரின் 1976ஆம் ஆண்டுச் சமன்பாடு இங்கே பொறியாளரின் அன்றாடக் கருவி. தூய கரிவளிக்கு 1996இல் இசுபான், வாக்னர் வெளியிட்ட சமன்பாடு மிக நுட்பமானது. ஆனால் இத்தகைய சமன்பாடுகள் நீர்மத்துக்கும் வளிக்கும் எழுதப்பட்டவை. பனியை அவை அறியா. திண்மத்துக்குத் தனியே ஓர் உறவை எழுதி, மூன்று நிலைகளிலும் கரிவளியின் தப்பியோடும் நாட்டம் சமமாகும் புள்ளியைத் தேட வேண்டும். அதற்குமேல், இரண்டிரண்டு வளிகளுக்கு இடையிலான ஈர்ப்பைத் திருத்தும் ஒரு சிறு எண்ணையும் செய்முறை அளவீட்டிலிருந்து பெற வேண்டும். கரிவளி, நைட்ரசன் இணைக்கு அது சுழியத்தை ஒட்டியது. கரிவளி, மீத்தேன் இணைக்கு ஏறத்தாழ 0.1. அந்த எண் பிழையானால் திரையில் அழகாக ஓடும் மாதிரி ஆலையில் பொய்க்கும்.

மீத்தேனைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இயற்கை வளியை நீர்மமாக்கும் ஆலைகளுக்குக் கரிவளிப் பனி பழைய பகை. இலட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் கரிவளி எஞ்சினால் அது குளிர்ப்பெட்டியில் உறைந்து வழியை அடைத்துவிடும். ஆகவே எண்ணூருக்கு வரும் ஒவ்வொரு கப்பலின் சரக்கும், ஏற்றுமதித் துறையில் கரிவளி நீக்கப்பெற்ற பின்னரே இங்கு வருகிறது. அவர்கள் விரட்ட வேண்டிய பனியை நாம் வரவழைக்க முயல்கிறோம். கணக்கு இருவருக்கும் ஒன்றே.

மூன்றாம் அடுக்கு காலம். சமநிலைக் கணக்கு எங்கே பனி விழும் என்று சொல்லும். எவ்வளவு நேரத்தில் விழும், எங்கே அடைக்கும் என்று சொல்லாது. குழாயின் குளிர்ந்த சுவரில் பனி படியப் படிய அதுவே போர்வையாகி வெப்பம் கடப்பதைத் தடுக்கிறது. இதைத் தவிர்க்க உலகில் சில வழிகள் முயலப்பட்டன. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முன்பே குளிர்வித்த சிறு உருண்டைகள் நிரம்பிய கலத்தின் வழியே புகையைச் செலுத்தினர். கலத்தினுள் நீராவி உறையும் முனை ஒன்றும், கரிவளி படியும் முனை ஒன்றும், கலம் வெப்பமாகும் முனை ஒன்றும் தனித்தனி விரைவில் நகர்கின்றன. கரிவளி முனை மறுமுனையை எட்டுமுன் புகையை அடுத்த கலத்துக்கு மாற்றிவிட வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர் இலாரி பாக்சுடர் வளர்த்த முறையில், புகை கடுங்குளிர் நீர்மம் ஒன்றோடு நேரே கலக்கிறது. பனி சுவரில் ஒட்டாமல் நீர்மத்தில் மிதக்கும் துகள்களாகத் திரள, அதைப் பிழிந்து எடுக்கின்றனர். அம்முறையை உருவாக்கிய நிறுவனத்தை 2020 இறுதியில் சார்ட்டு நிறுவனம் வாங்கியது.

இம்முறைகளுக்கெல்லாம் ஒரு முன்தேவை உண்டு: புகை உலர்ந்திருக்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் எரிந்த நிலக்கரியின் புகையில் நீராவி மிகுதி. கந்தக ஆக்சைடும் நுண்சாம்பலும் உண்டு. இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது வழக்கம். சாம்பலின் துன்பத்தை எண்ணூர்க் கழிமுகத்து மீனவருக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுத் தூய புகைக்கு எழுதிய மாதிரியை இங்கே அப்படியே பொருத்துவது தவறு.

இப்போது எண்ணூர்க் கேள்விக்கு வருவோம். முனையத்தில் நீர்ம வளியை முதலில் குழாய் அழுத்தத்துக்கு ஏற்றிய பிறகே வெப்பமூட்டுவர். அந்த உயர் அழுத்தத்தில் அது ஒரே பாகையில் கொதிப்பதில்லை. −160இலிருந்து படிப்படியாக வெப்பமாகிறது. கரிவளிப் பனிக்கு −100க்குக் கீழுள்ள குளிரே உதவும். அந்தப் பகுதியில் ஒரு கிலோ நீர்ம வளி தரும் குளிர் ஏறத்தாழ 200 கிலோஜூல். எஞ்சிய குளிர் பனிக்கு உதவாத மிதமான குளிர். நைட்ரசனின் குளிர் முழுவதும் மீண்டது என்றே பெருந்தன்மையோடு வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கிலோ நீர்ம வளியின் குளிரால் பிடிபடும் கரிவளி 0.35 கிலோதான். அதே ஒரு கிலோ எரிந்தால் வெளிவரும் கரிவளி 2.75 கிலோ! தன் குளிரால் தான் கக்கும் கரிவளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் அது பிடிக்க முடியும்.

முனையம் முழுத்திறனில் ஓடினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 17 இலட்சம் டன் பிடிபடலாம். அதுவும் இழப்பே இல்லை என்று கொண்டால். வல்லூர் நிலையம் மட்டும் 1,500 மெகாவாட். ஓர் அலகு மின்சாரத்துக்கு ஒரு கிலோவை ஒட்டிய கரிவளி என்னும் பொதுக்கணக்கில், பத்தில் ஏழு பங்கு திறனில் ஓடினால், ஆண்டுக்கு 80 இலட்சம் டன்னுக்கு மேல் கக்கும். அருகிலேயே வடசென்னை அனல்மின் நிலையத்தின் அலகுகள் நிற்கின்றன. அவற்றையும் கூட்டினால் தொகை இரட்டிக்கும். மேலும் முனையம் தொடங்கிய ஆண்டுகளில் முழுத்திறனின் ஒரு சிறு பங்கே ஓடியது. எனவே எண்ணூரின் குளிர் எண்ணூரின் நிலக்கரிப் புகையைத் தூய்மையாக்கிவிடும் என்று எவரேனும் மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். கணக்கு இடந்தரவில்லை.

அதற்காக அந்தக் குளிரைக் கடலில் விடுவதும் அறமன்று. ஆழ்ந்த குளிரை ஆழ்ந்த தேவைக்கும், மிதமான குளிரை மிதமான தேவைக்கும் அடுக்கடுக்காகப் பயன்படுத்தலாம். −160 முதல் −105 வரையுள்ள குளிர், அருகிலுள்ள புகையின் ஒரு சிறு ஓட்டத்திலிருந்து கரிவளிப் பனி திரட்டும் முன்னோட்ட ஆலைக்கு. அடுத்த படியில் உள்ளது, கரிவளியை நீர்மமாக வைத்திருக்க. அதற்கும் அடுத்தது, மீன் உறைபதனக் கிடங்குக்கும் பனிக்கட்டிக்கும். 30 பாகை நீரிலிருந்து ஒரு கிலோ பனிக்கட்டி செய்ய 460 கிலோஜூல் அகற்றினால் போதும். −160 பாகைக் குளிரை நேரே பனிக்கட்டிக்குச் செலவிடுவது வீண். மேற்படிகளில் பயன்பட்டு இறங்கிவந்த குளிரைச் செலவிடுவது சிக்கனம். வடசென்னை மீனவர் பனிக்கட்டிக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு மின்சாரமே என்பதை நினைத்தால், இந்த அடுக்கின் கடைசிப் படியே பலருக்கு முதற்பயனாக அமையும்.

மணலியின் கதை வேறு. அங்கே 1965இல் சென்னை சுத்திகரிப்பு நிறுவனமாகத் தோன்றி இன்று சென்னை பெட்ரோலியம் என்று வழங்கும் ஆலை, ஆண்டுக்கு 105 இலட்சம் டன் கச்சா எண்ணெயைக் கையாளும் திறனுடையது. 2020 ஏப்ரலில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆறாம் கட்டப் புகைவிதிக்கேற்ப எரிபொருளிலிருந்து கந்தகத்தை நீக்க நீரகம், அதாவது ஐட்ரசன், வேண்டும். இயற்கை வளியையோ நாப்தாவையோ நீராவியோடு வினைப்படுத்தி நீரகம் எடுக்கும் ஆலைகளில், நீரகத்தைப் பிரித்தபின் எஞ்சும் வளியில் கரிவளி 45 விழுக்காடு அளவில் செறிந்திருப்பது பொதுவான நிலை. நாம் மேலே கணக்கிட்ட, −55 பாகையில் நீர்மமாகச் சொட்டும் வளி இதுதான். இதற்கு எண்ணூரின் கடுங்குளிர் தேவையில்லை. வழக்கமான குளிரூட்டும் பொறியே போதும். பிடிபடாது தப்பும் பங்கைச் சவ்வு வழியே வடித்து மீண்டும் அழுத்தியில் சேர்க்கலாம். கூடவே எஞ்சிய நீரகமும் திரும்பக் கிடைக்கும். பிரான்சின் போர்ட்டு செரோம் நகரில் ஏர் லிக்கிட் நிறுவனம் 2015இல் நிறுவிய ஆலை இவ்வழியில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் டன் கரிவளி பிடிக்கும் திறனுடையது. எங்கோ தாளில் உள்ள கனவன்று. நீரக ஆலையோடு இணைந்து ஓடிய ஆலை.

ஆகவே வடசென்னையில் கடுங்குளிர் வழி தொடங்க வேண்டிய இடம் மணலியின் நீரக ஆலைதான்; நிலக்கரிப் புகைபோக்கி அன்று. நிலக்கரிப் புகையில் இன்று செய்யத்தக்கது சிறு முன்னோட்டம் மட்டுமே.

பிடித்த கரிவளியை என்ன செய்வது? தமிழகத்திலேயே முன்மாதிரி உண்டு. தூத்துக்குடியில் 2016இல் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து, குளிரால் அன்று, கரைப்பானால் கரிவளி பிடித்துச் சலவைச் சோடா செய்யத் தொடங்கினர். ஆண்டுக்கு 60,000 டன் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியப் பொறியாளர் இருவர் நிறுவிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் நுட்பம் அது. அத்தகைய சந்தை பெரிதன்று. பெருந்தொகையை நிலத்தடியில்தான் வைக்க வேண்டும். நார்வே 1996 முதல் வடகடல் அடிப்பாறையில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் அளவில் செலுத்திவந்தது. நம் கரையோரப் பாறைகள் எவ்வளவு ஏற்கும் என்பது தனி ஆய்வு.

ஒன்றை மட்டும் விட்டுவிட முடியாது. கரிவளி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஒரு கிலோ கரிவளிப் பனி ஐந்நூறு லிட்டருக்கு மேல் வளியாகப் பெருகும். தாழ்ந்த இடத்தில் தங்கும். நிறமும் மணமும் இல்லை. 1986இல் கேமரூன் நாட்டு நியோசு ஏரியிலிருந்து எழுந்த கரிவளி ஏறத்தாழ 1,700 பேரை ஓர் இரவில் மாய்த்தது. 2020இல் அமெரிக்காவின் சட்டார்சியா ஊரருகே கரிவளிக் குழாய் உடைந்து 45 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். 2023 டிசம்பரில் மட்டும் எண்ணூர் மக்கள் எண்ணெய்க் கசிவையும் அம்மோனியாக் கசிவையும் அடுத்தடுத்து எதிர்கொண்டனர். மணலியிலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் ஆலைச் சுவரை ஒட்டியே உள்ளன. ஆலைக்குள் பனி எப்படிப் படியும் என்று கணக்கிடும் அதே அக்கறையோடு, குழாய் உடைந்தால் காற்றில்லா இரவில் கரிவளி எந்தத் தெருவை நோக்கிப் பாயும் என்றும் கணக்கிட வேண்டும். அந்த இரண்டாம் மாதிரி இல்லாத திட்ட அறிக்கையை அரசு ஏற்கலாகாது.

இக்கட்டுரையில் யான் போட்ட கணக்குகள் பொது எண்களைக் கொண்டு போட்டவை. வடசென்னையின் சொந்த எண்களைக் கொண்டு போட்டவை அல்ல. முனையத்திலிருந்து மணிக்கு மணி எத்தனை டன் வளியாகி வெளியேறுகிறது, எந்தப் பாகையில், எந்த அழுத்தத்தில்? ஒவ்வொரு புகைபோக்கியிலும் கரிவளியின் விழுக்காடு பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது? நீரக ஆலையின் எஞ்சு வளியின் சேர்மானம் என்ன? இவை ஆலைகளின் அளவிகளில் பதிவாகும் எண்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆலைகளும் இவற்றைப் பொதுவில் வெளியிட வேண்டும். அவ்வாறு வெளியிட்டால் கிண்டியிலும் தரமணியிலும் வேதிப்பொறியியல் பயிலும் மாணவர்கள், அயல்நாட்டுப் புகையை விட்டுவிட்டுத் தம் ஊர்ப் புகைக்கு மாதிரி எழுதத் தொடங்குவர்.